தோற்பதற்குச் சம்பளம் வாங்கியவர்

எங்கள் மாமனார் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேயே தலைசிறந்த கேரம் ஆட்டக்காரர் என்று எங்கள் குடும்பம் மனமார நம்பிய காலம் அது. நான் அந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே, அடுப்பு எங்கே, உப்பு எங்கே என்பவற்றோடு சேர்த்து இந்த உண்மையும் எனக்கு அறிவிக்கப்பட்டது. ஐயத்துக்கு இடமே இல்லை. மாலைதோறும் ஆட்டம் நடக்கும்; மாலைதோறும் அவரே வெல்வார். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கடைசியில் பலகையில் இரு தரப்புக்கும் ஒவ்வொரு காய்தான் மிஞ்சியிருக்கும். எதிராளி சுண்டிய காய் குழியின் விளிம்புவரை போய், உள்ளே எட்டிப் பார்த்து, மனம் மாறியதுபோல் நின்றுவிடும். மாமனார் தம் காயைத் தள்ளிவிட்டு மீசையை நீவிக்கொள்வார்.

"பேட் லக், மார்க்கரு!"

"ஆமா லா பெரியப்பா. உங்ககிட்ட ஜெயிக்க முடியுமா?"

அந்த எதிராளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வெல்லக் கற்றவர்கள் உலகில் ஏராளம். தோற்பதை ஒரு வித்தையாகப் பயின்று, அதற்கு மாதச் சம்பளமும் பெற்று, அத்துறையில் பிறர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தை எட்டியவர் அவர் ஒருவரே என்று துணிந்து சொல்வேன்.

அந்நாளில் டென்னிஸ் கிளப்புகளில் மார்க்கர் என்றோர் உத்தியோகம் இருந்தது. புல்தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவது, வலையை இழுத்துக் கட்டுவது, மட்டைக்கு நரம்பு மாற்றுவது ஆகியவை வெளியே தெரிந்த வேலைகள். உண்மையான வேலை வேறு. துணையில்லாமல் ஆட வரும் துரையின் வலக்கைப் பக்கம், இடுப்பு உயரத்தில், அவர் அடித்து மகிழத்தக்க வேகத்தில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். துரை நன்றாக அடித்தால் மார்க்கர் ஓடி, எட்ட முடிந்தும் எட்டாததுபோல் நின்று, "குட் ஷாட், துவான்" என்பார். துரை வலையில் அடித்தால், தம் வீட்டில் துக்கம் நேர்ந்த குரலில், "பேட் லக், துவான்" என்பார். துவான் என்பது மலாயில் எஜமானரை விளிக்கும் சொல். துரைமார்கள் வலையில்தான் அதிகம் அடித்தார்கள் போலும். நம்மவருக்கு பேட்லக் மார்க்கர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை அறிந்தவள் அவர் மனைவி ஒருத்தி. அவளோ கணவர் பெயரை வாயால் சொல்லாதவள்.

தொழில் மனிதரின் உடம்பில் ஊறிவிட்டது. பாசாரில் மீன்காரரிடம் பேரத்தைத் திறமையாகத் தொடங்குவார். விலை இறங்கி வரும் தறுவாயில், "பாவம், நீங்க சொன்னதே இருக்கட்டும்ணே" என்று முடித்துவிடுவார். ஒற்றையடிப் பாதையில் எதிரே ஓர் எருமை வந்தாலும் ஒதுங்கி நின்று, அது கடந்த பிறகு அதன் நடையைப் பாராட்டுவார். கிளப்பில் காயவைக்க இடமில்லாத நாள்களில் மட்டை நரம்புகளை எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் கொண்டுவந்து தொங்கவிடுவார். அவை ஆட்டுக்குடலில் முறுக்கியவை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கொடியில ஆட்டுக்குடலு தொங்குதே, மார்க்கரு!" என்று என் மாமியார் அலறுவார்.

"இது இங்கிலீஷ் ஆடு பெரியம்மா. அதுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது."

இவற்றையெல்லாம்விட வியப்பானது, அவர் பொருள்களைக் கொடுக்கும் விதம். எதையும் கையில் தரமாட்டார், எறிவார். வெங்காயம், தீப்பெட்டி, சாவிக்கொத்து, எலுமிச்சம்பழம் எதுவானாலும் முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல எழும்பி, வளைந்து, வாங்குபவர் கையில் வந்து உட்காரும். நாம் கையை அசைக்கவே வேண்டாம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவர் எறிந்த கத்தரிக்காய் ஒன்று என் வலக்கை விரல்களுக்குள் தானாக வந்து அமர்ந்ததை இப்போதும் உணர்கிறேன்.

என் மாமியாருக்கு மட்டும் இடக்கைக்கு எறிவார்.

இதைச் சற்று விளக்க வேண்டும். அத்தை பிறவியிலேயே இடக்கைக்காரர். நம் வீடுகளில் அது எத்தகைய குற்றம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இடக்கையால் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, பரிமாறக் கூடாது. சிறுவயதில் அந்தக் கையைப் பாவாடை நாடாவால் கட்டிவைத்தார்களாம். மணமான பிறகு அத்தை அதை முந்தானைக்குள் ஒளித்து வாழக் கற்றுக்கொண்டார். வலக்கையால் வாங்கிய பாத்திரங்கள் நழுவி விழும். "பொறுப்பில்லாதவ" என்ற பட்டம் எழும். முப்பது ஆண்டுகளாக அவருடன் குடித்தனம் நடத்திய எங்கள் மாமனாருக்கே அவர் இடக்கைக்காரர் என்ற நினைவு கிடையாது. ஆனால் மார்க்கர் முதல் நாள் சோறு உண்ண வந்தபோதே, அத்தை கரண்டியைப் பிடித்துத் தடுமாறியதை ஒரு கணம் பார்த்தார். எழுந்து போகும்போது ஓர் எலுமிச்சம்பழத்தை எறிந்தார். அது அத்தையின் முந்தானையை விலக்கிக்கொண்டு இடக்கையில் வந்து விழுந்தது. அன்று முதல் மார்க்கருக்கு எங்கள் வீட்டில் இரவுச் சோறு நிலையாயிற்று.

அவருக்கென்று வீடு இல்லை. கிளப்பின் வலைகளையும் உருளைகளையும் போட்டுவைக்கும் கொட்டகையில் படுத்துக்கொள்வார். அங்கே பெண்கள் தங்க அனுமதி இல்லாததால் மனைவி செல்லம் கிள்ளானில் தன் அக்காள் வீட்டில் இருந்தாள். மணமானது முதல் அவர்களின் இல்லறம் ஞாயிற்றுக்கிழமை ரயிலில்தான் நடந்தது: இவர் காலையில் போவார், மாலையில் திரும்புவார். திரும்பும் நாள்களில் கேரம் ஆட்டத்தில் இன்னும் அழகாகத் தோற்பார்.

இந்நிலையில்தான் அந்தப் போட்டி அறிவிக்கப்பட்டது. கனவான்களின் கோப்பை ஆட்டங்களில் மார்க்கர்கள் கலந்துகொள்ள முடியாது. விளையாட்டுக்குச் சம்பளம் வாங்கியவன் தொழில்முறை ஆட்டக்காரன். அவன் விரல் பட்டால் வெள்ளிக்கோப்பை கறுத்துவிடும் என்று அஞ்சியதுபோல் ஒரு விதி. ஆனால் அந்த ஆண்டு கிளப் செயலாளர் துரைக்கு ஒரு யோசனை பிறந்தது. சிலாங்கூரிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள மார்க்கர்களையெல்லாம் அழைத்து, தொழில்முறை ஆண் ஆட்டக்காரர்களுக்கென்றே ஓர் ஒற்றையர் போட்டி நடத்தலாம். வெல்பவருக்குக் கிளப்பில் தலைமை மார்க்கர் பதவி. அதனுடன் கிளப் வேலிக்கு அப்பால், சமையலறையோடு கூடிய ஈரறை வீடு.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், டென்னிஸ் விதிகள் அனைத்தையும் கரைத்துக் குடித்தவர், மட்டையை ஒருநாளும் தொடாதவர்.

"மார்க்கர், கேட்டீரோ? வீடு காணும், வீடு! ஆனால் உது சும்மா கிடைக்காது. நீர் வெல்லவேணும்."

மார்க்கர் சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டார். "வீடுங்கிறீங்களா? செல்லம் வந்து இருக்கலாமா?"

"மனுசியோட இருக்கத்தானே வீடு!"

"அதுக்கு ஜெயிக்கணும்..." என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். "அது நமக்குப் பழக்கமில்லாத வேலையாச்சே, சார்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெற்றி என்ற துறையில் அவ்வீட்டில் அவரே வல்லுநர். "ஜெயிக்கிறது எப்படின்னு என்னைக் கேளு. எதிராளி மூஞ்சியப் பாக்காதே. எரக்கப்படாதே. நான் ஒரு நாளாவது உன்மேல எரக்கப்பட்டிருக்கேனா?"

"இல்லவே இல்ல, பெரியப்பா."

அத்தை சமையலறை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் சிரம்பானிலிருந்து வந்த பயில்வான் ஒருவர். அவருடைய ஒவ்வோர் அடியும் வெடிச்சத்தம் போலக் கேட்டது. மார்க்கரோ, துரைக்குப் போடுவதுபோலவே இடுப்பு உயரத்தில், வலக்கைக்கு, வாஞ்சையோடு பந்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். இத்தனை இனிமையான பந்துகளைக் கண்டதும் பயில்வானுக்கு ஆசை பெருகிவிட்டது. இன்னும் ஓங்கினார், இன்னும் ஓங்கினார்; பந்துகள் கோட்டையும் கடந்தன, வேலியையும் கடந்தன, ஒன்று ரயில் பாதையையும் கடந்து கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துக் கோழிக்கூட்டில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் மார்க்கர் ஓடிவந்து, "பேட் லக், துவான்" என்றார். சிரம்பான்காரர் தோற்றதைவிட அந்த ஆறுதலில்தான் அதிகம் நொந்துபோனார்.

அடுத்தவர்களும் அப்படியே. மார்க்கர் எவரிடமிருந்தும் ஒரு புள்ளியையும் பறிக்கவில்லை. அவர்களாகவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை மாலை இறுதி ஆட்டம் என்று முடிவானபோது பிரிக்பீல்ட்ஸே பொங்கியது. ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து ஆள்கள், பால்காரர்கள், சலவைக்காரர்கள், கோயில் மேளக்காரர் ஒருவர் மேளத்தோடு என்று எல்லோரும் கிளப்பின் செம்பருத்தி வேலிக்கு வெளியே திரண்டார்கள். உள்ளே நாற்காலிகள் துரைமார்களுக்கு, வேலி எங்களுக்கு. அத்தையும் கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, அர்ச்சனைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அது கோயிலுக்குப் போகும் வழியே அன்று.

ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவள் செல்லம். அவளைத் தொடர்ந்து இறங்கியவை: ஒரு பாய், பானைகள், கூடைக்குள் ஒரு கோழி, கடைசியாக நான்கு பேர் பிடித்து இறக்கிய ஓர் அம்மி. கிள்ளானிலிருந்து காலை ரயிலில் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் திகைத்துப்போனார். "என்ன பிள்ளை இது! அம்மிக்கு டிக்கெட் எடுத்தனியோ?"

"குடித்தனம் பண்ண வர்றவ அம்மி இல்லாமலா வருவா?"

"அவர் இன்னும் வெல்லேல்லையே!"

"ஜெயிக்கலேன்னா இதைத் திரும்ப யாரு தூக்குறது?" என்று கேட்டுவிட்டு, செல்லம் வேலியோரத்தில் அம்மியைப் போடச் சொல்லி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் சிரிப்பில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அக்காள் வீட்டில் இனித் தலைகாட்ட முடியாதபடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டவள் அவள்.

எதிர்ப்பக்கம் நின்றவர் கிள்ளான் கிளப்பின் மார்க்கர், காதர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. தனிக்கட்டையான அவருக்கு வீட்டின்மேல் பெரிய நாட்டமில்லை, பதவியின்மேல் உண்டு. முதல் பந்து போனது. திரும்பி வந்தது. போனது. வந்தது. சற்று நேரத்துக்குள் வேலியிலிருந்த அனைவருக்கும் ஒரு பயங்கரம் புலப்பட்டது. காதரும் அதே பள்ளியில் படித்தவர். அவரும் வாழ்நாளெல்லாம் பந்தை எதிராளியின் வலக்கையில், இடுப்பு உயரத்தில், மரியாதையோடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்!

பந்து கடைசி வடையைப்போல் இருவருக்குமிடையே உபசரிக்கப்பட்டது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அது வலைக்கு மேலே போய்வந்தது. துரைமார்களின் தலைகள் இடமும் வலமும் திரும்பித் திரும்பி, பிறகு சில தலைகள் மார்பில் சாய்ந்து உறங்கின. ஒருவருக்கும் வெல்லும் அடி வரவில்லை. அந்த ஆட்டத்தில் புள்ளிகளைப் பெற்றவை காற்றும், மண்புழு தள்ளிய மேடும், வலையின் நாடாவுமே. பந்து நாடாவில் பட்டு காதர் பக்கம் விழுந்தால் மார்க்கர் பதறினார்: "பேட் லக், துவான்!" மார்க்கர் பக்கம் விழுந்தால் காதர் பதறினார்: "பேட் லக், துவான்!" பிறந்தது முதல் எவராலும் துவான் என்று அழைக்கப்படாத இருவர் அன்று மாலை முழுவதும் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிங்க லா மார்க்கரண்ணே! ஓங்கி அடிங்க!" என்று ஒர்க்ஷாப் ஆள்கள் கத்தினார்கள்.

"உது விளையாட்டோ, தவமோ?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் கைவைத்தார்.

"எரக்கப்படாதேன்னு சொன்னேனே!" என்று மாமனார் கைத்தடியால் வேலியை அடித்ததில் செம்பருத்திப் பூக்கள் உதிர்ந்தன.

முதல் செட் காதருக்குப் போயிற்று. இரண்டாவது, காற்றின் தயவில், மார்க்கருக்கு. மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து என்று வந்து நின்றபோது அம்பாங் பக்கம் வானம் அடுப்புக்கரியாகக் கறுத்துவிட்டது. செயலாளர் துரை தம் உயர்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஏதோ அறிவித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எங்களுக்குச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

"மழை வந்தால் ஆட்டம் நிப்பாட்டாம். நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்யப் போகினமாம்."

செல்லம் அம்மியிலிருந்து எழுந்துவிட்டாள். நாணயம் என்றால் அதிர்ஷ்டம். பேட்லக் மார்க்கரின் அதிர்ஷ்டத்தை நம்பி ஓர் அம்மியை எங்கே இறக்குவது?

மார்க்கர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வேர்வை ஓடியது. வேலியோரம் ஓடிவந்து, கெஞ்சுவதுபோல, "கை வரமாட்டேங்குது பெரியம்மா" என்றார். "எதிர்ல ஒருத்தர் நிக்கிறப்ப, அவர் எடுக்க முடியாத எடத்துல எப்படிப் போடுறது? மனசு சொல்லுது. கை கேக்க மாட்டேங்குது."

அத்தை அர்ச்சனைத் தட்டை என் கையில் திணித்தார். தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு கையை உயர்த்தினார். வேலிக்கு மேலே, துரைமார்களும் ஒர்க்ஷாப் ஆள்களும் எங்கள் மாமனாரும் ஊர் முழுதும் பார்க்க, முந்தானைக்குள் ஆயுள் முழுவதும் ஒளிந்திருந்த அந்த இடக்கை, பழத்தைப் பிடித்தபடி, நேராக எழுந்து நின்றது.

"அங்க நிக்கிறது காதரு இல்ல மார்க்கரு! நான் நிக்கிறேன்! எனக்குப் போடுற மாதிரி போடுப்பா!"

மார்க்கர் அந்தக் கையைப் பார்த்தார். மெல்லத் தலையசைத்துவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த பந்து காதரின் வலக்கைக்கு வந்தது, அவர் திருப்பினார். மார்க்கர் மட்டையை முன்போலவே மென்மையாக வீசினார். வேகம் கூடவில்லை, வன்மம் இல்லை. பந்து முற்றத்தைக் கடக்கும் பழத்தைப்போல எழும்பி, வளைந்து, இடுப்பு உயரத்தில், காதரின் இடப்பக்கம் போய் இறங்கியது. மாலையெல்லாம் வலப்பக்கமே உபசரிக்கப்பட்டு அங்கேயே வேர்விட்டிருந்த காதர், தம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உறங்கிய துரைமார்கள் விழித்தார்கள். பிறகு எழுந்த ஆரவாரத்தில் செல்லத்தின் கோழி கூடையை உடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியது. அதைப் பிடிக்கப் போனவர்களை விதிகளின் பெயரால் ஸ்டேஷன் மாஸ்டர் தடுத்து நிறுத்தினார்.

"இன்னொண்ணு எனக்கு!" என்றார் அத்தை. இன்னொன்று போனது. "இன்னொண்ணு!" அதுவும் போனது, அதற்கடுத்ததும் போனது. ஆறுக்கு ஐந்து. முதல் தூறல் விழுந்தது. செயலாளர் துரை வானத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் நாணயத்தைத் தேடினார். "தேடாதையும்! தேடாதையும்!" என்று ஸ்டேஷன் மாஸ்டர் தமிழிலேயே அவரை அதட்டினார். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் கொட்டத் தொடங்கிவிட்டார். காதர் லேசானவர் அல்லர், இப்போது விழித்துக்கொண்டார். இடப்பக்கம் பாய்ந்தார், எட்டினார், திருப்பினார். நாற்பதுக்கு நாற்பது. மார்க்கர் ஒரு புள்ளி எடுத்தார், இன்னும் ஒன்று போதும். மழை கோடுகளின் சுண்ணாம்பைக் கரைக்கத் தொடங்கியது. மாமனார் கண்களை மூடிக்கொண்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பந்து போயிற்று, வந்தது, போயிற்று, மார்க்கர் வேலியைப் பார்த்தார், அந்தக் கை மழையில் நனைந்தபடி அசையாமல் நின்றது, அவர் எறிந்தார். ஆம், அதை அடித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதர் முழு நீளத்துக்கும் பாய்ந்தார். பந்து அவர் மட்டையின் விளிம்பைத் தொட்டு வலையின் அடியில் போய் ஒதுங்கியது.

மார்க்கர் வலைக்கு ஓடினார். "பேட் லக், து..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். அப்போதுதான் அவருக்கே விளங்கியது. அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாக நான் சொல்லமாட்டேன். தவறான ஸ்டேஷனில் இறங்கிவிட்டவரின் குழப்பம் தெரிந்தது.

காதர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "இனிமே நீங்கதாண்ணே துவான்! ஆமா, கடைசியில போட்டீங்களே, அந்தப் பந்தெல்லாம் யாருக்குப் போட்டது? எனக்குப் போட்ட மாதிரி தெரியலையே."

"எங்க பெரியம்மாவுக்கு, தம்பி."

காதர் வேலிப்பக்கம் திரும்பி அத்தைக்கு ஒரு சலாம் வைத்தார். "அடுத்த தடவை அவங்ககிட்ட சொல்லி வைங்க, நான் வலக்கைக்காரன்னு."

செல்லம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரே அவள் வாயைப் பார்த்தது. இத்தனை ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து அவள் தன் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அம்மியை எங்க எறக்கணும்?"

கொட்டும் மழையில் அந்த அம்மியை ஈரறை வீட்டுக்குத் தூக்கிப் போனவர்களில் ஒரு மூலையைப் பிடித்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். வழி முழுவதும், "டிக்கெட் இல்லாத சாமான், டிக்கெட் இல்லாத சாமான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் மாலை மார்க்கர் வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வந்து கேரம் பலகைக்கு மாவு தூவினார். மாமனார் காய்களை அடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மார்க்கரு, குழி ஓரத்துல வந்து நிக்குமே உன் காய். அது தானா நின்னதா, நீ நிறுத்துனதா?"

மார்க்கர் மாவைத் தூவிக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கு உண்மையா ஆடு."

மார்க்கர் அத்தையைப் பார்த்தார். "ஆடுப்பா" என்றார் அத்தை. நான் கலந்து வைத்த காப்பி ஆறுவதற்குள் பலகை காலியாகிவிட்டது. மாமனாருக்குச் சுண்டும் வாய்ப்பே ஒருமுறைதான் கிடைத்தது. அவர் வெறும் பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காய்களை மீண்டும் அடுக்கினார்.

"நல்லாத்தான் ஆடுற" என்றார். "ஆனா பழையபடியே ஆடு."

அதன் பிறகும் பல ஆண்டுகள் மார்க்கரின் கடைசிக் காய் விளிம்புவரை வந்து நின்றது; மாமனார் மீசையை நீவிக்கொண்டார். ஒரே ஒரு மாற்றம்: காப்பித் தம்ளரை அத்தைக்கு நீட்டும்போது மாமனார் அதை இடக்கைப் பக்கம் நீட்டக் கற்றுக்கொண்டார்.

இப்போது மாமனார் இல்லை, அத்தையும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனவர் போனவர்தான். என் கணவரும் மார்க்கர் அண்ணனும் ஓராண்டு முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தார்கள். மார்க்கருக்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் எதுவும் பறந்து வருவதில்லை. செல்லம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்; அந்த அம்மியும் அவளோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலிலிருந்து திரும்பும்போது என்னைப் பார்க்க வருவாள். அவளுக்கு எறியத் தெரியாது. மெல்ல நடந்து வந்து, நான் வலக்கைக்காரி என்பதை நன்கு அறிந்தும், எலுமிச்சம்பழத்தை என் இடக்கைப் பக்கமே நீட்டுகிறாள். நானும் இடக்கையாலேயே வாங்கிக்கொள்கிறேன்.